பற்றரியைக் குறை சொல்வதற்கு முன்: காரின் ஒல்ரனேற்றரை அறிதலும் வீட்டில் மாற்றுதலும்

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பும் ஏ34 வீதியில், ஒட்டுசுட்டானுக்கு இன்னும் சிறிது தூரம் இருக்கையில், என் பழைய டொயோட்டா கொறோலாவின் டாஷ்போட்டில் பற்றரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. பொழுதுபட்டு ஹெட்லைற் போட்டிருந்த நேரம் அது. இரு புறமும் காடு. யானை குறுக்கிடக்கூடிய பாதை என்பதால் வெளிச்சமில்லாமல் அங்கே ஓட யாரும் துணிவதில்லை. முதலில் வெளிச்சம் மஞ்சளித்தது, பிறகு வைப்பர் பாதிக் கண்ணாடியில் தயங்கத் தொடங்கியது, கடைசியில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அந்தப் பற்றரியை வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பதுதான் அன்று எனக்கு அதிக எரிச்சலைத் தந்தது. அதற்கு முந்திய பற்றரியும் இதேபோல ஒரு காலையில் ஸ்ராட் ஆக மறுத்தபோது, "பற்றரி செத்துப்போச்சு" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, அளந்து பார்க்காமலே புதியதை வாங்கியிருந்தேன். உண்மையில் இரண்டு பற்றரிகளிலும் ஒரு குறையும் இருக்கவில்லை. குறை, எஞ்சினின் பக்கவாட்டில் சிறு தேங்காய் அளவில் தொங்கிக்கொண்டிருந்த, காருக்கு மின்சாரம் பிறப்பிக்கும் ஒல்ரனேற்றரில் இருந்தது.

பொனற்றைத் திறந்து றேடியேற்றருக்குத் தண்ணீர் விடுவதற்கு மேல் எதையும் தொட்டுப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒல்ரனேற்றர் என்ன செய்கிறது, அது பழுதாகியிருப்பதை எப்படி உறுதிசெய்வது, ஒரு காலைப்பொழுதில் வீட்டு முற்றத்து வேப்பமர நிழலில் அதை எப்படி மாற்றுவது ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இவற்றுள் நடுவில் உள்ளதே மிக முக்கியமானது என்பது என் கருத்து. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே ஏராளம். அளந்து பார்த்துவிட்டுக் கழற்றுபவர்கள்தான் குறைவு.

குளமும் வரத்தும்

பற்றரியை இரணைமடுக் குளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குளம் நீரை உண்டாக்குவதில்லை; கனகராயன் ஆறு கொண்டுவருவதைத் தேக்கி வைத்திருந்து, வேண்டும்போது வாய்க்காலுக்கு விடுகிறது. காரில் பற்றரியின் வேலையும் ஏறக்குறைய அவ்வளவே. திறப்பைத் திருப்பியதும் ஸ்ராட்டர் மோட்டருக்குச் சில விநாடிகள் மட்டும் நூறு அம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தைக் கொடுத்து எஞ்சினைச் சுழற்றிவிடுவதே அதன் பெரிய கடமை. எஞ்சின் இயங்கத் தொடங்கிய பிறகு ஹெட்லைற், எரிபொருள் பம்பி, தீப்பொறிக் கொயில், றேடியேற்றர் விசிறி, ஏசி, ரேடியோ அனைத்துக்கும் மின்சாரம் தருவதும், ஸ்ராட் செய்தபோது பற்றரி இழந்ததைத் திரும்ப நிரப்புவதும் ஒல்ரனேற்றரின் பொறுப்பு. வரத்து நின்றுபோன குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் விரைவில் அடிமண் தெரியும்; பக்கத்தில் புதுக் குளம் ஒன்றைக் கட்டினாலும் நிலைமை மாறாது. புதுப் பற்றரி வாங்கி நான் செய்தது அந்த வேலையைத்தான்.

வரத்து நின்ற பிறகு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். சிறிய கார்களில் பொதுவாக 45 அம்பியர்-மணி அளவுள்ள பற்றரி இருக்கும். ஹெட்லைற் இரண்டும் சேர்ந்து 110 வாற்று அளவில் எடுக்கும். 12 வோல்ற்றுக் கணக்கில் அது ஏறத்தாழ 9 அம்பியர். எரிபொருள் பம்பி, தீப்பொறி, எஞ்சின் கணினி ஆகியவற்றுக்கு இன்னுமொரு 10 அம்பியர், காற்றாடியும் வைப்பரும் போட்டிருந்தால் மேலும் சில அம்பியர். கடதாசியில் இது இரண்டு மணித்தியாலம் போலத் தோன்றினாலும், பற்றரி முழுதாக வடிவதற்கு வெகு முன்பே வோல்ற்று இறங்கி எஞ்சின் கணினியும் பம்பியும் செயலிழந்துவிடும் என்பதால், இரவில் ஒரு மணித்தியாலம் கிடைத்தாலே அது அதிர்ஷ்டம். ஆகையால் சிவப்பு விளக்கு எரிந்தால் ஏசி, காற்றாடி, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல், மிக அருகில் உள்ள சந்திக்கோ வீட்டுக்கோ போய்ச் சேருவதே புத்தி. நிறுத்தினால் திரும்ப ஸ்ராட் ஆகாமல் போகலாம். ஆனால் விளக்கு எரிவதோடு எஞ்சினின் வெப்பமும் ஏறினால், எஞ்சினின் சுழற்சியால் ஒல்ரனேற்றரைச் சுற்றும் பெல்ற் அறுந்திருக்கக்கூடும்; சில எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பியையும் அதே பெல்ற்றே சுழற்றுகிறது என்பதால், அப்போது மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும்.

தலைகீழாக நிறுத்திய சைக்கிள்

வன்னியில் இந்தக் கருவியை விளக்குவதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. மின்சாரமும் இல்லாமல், பொருளாதாரத் தடையால் டோர்ச் பற்றரியும் கிடைக்காமல் இருந்த 1990களில், சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனையோ. பின்சில்லு சுழல, அதன் ரயரில் உரசிக்கொண்டிருக்கும் டைனமோவின் சிறு தலை சுழல, அதனுள்ளே ஒரு காந்தம் செப்புக் கம்பிச் சுருளின் நடுவே சுழலும். காந்தம் அசையும்போது அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டு காட்டினார். பாடசாலையில் மின்காந்தத் தூண்டல் என்று படித்ததும் இதுவே.

பெடல் சுற்றிய சிறுவர்கள் இரண்டு உண்மைகளைப் புத்தகம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். வேகமாகச் சுற்றினால் விளக்கு பிரகாசமாக எரியும், களைத்து மெதுவாகச் சுற்றினால் மங்கும் என்பது ஒன்று. விளக்கையோ வானொலியையோ இணைக்காமல் சுற்றும்போது இலகுவாக ஓடும் பெடல், இணைத்ததும் பாரமாகிவிடும் என்பது மற்றையது. மின்சாரம் எடுக்க எடுக்கச் சுற்றுபவருக்குச் சுமை கூடுகிறது. காரில் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட்லைற்றையும் ஏசிக் காற்றாடியையும் ஒன்றாகப் போட்டால் எஞ்சின் ஒரு கணம் தாழ்ந்து எழுவதன் காரணம் இதுவே. 14 வோல்ற்றில் 70 அம்பியர் கொடுக்கும் ஒல்ரனேற்றர் ஏறத்தாழ 1000 வாற்று மின்சாரத்தைத் தருகிறது; அதைச் சுழற்ற எஞ்சின் அதைவிடக் கூடிய வலுவைச் செலவிட வேண்டியிருக்கிறது.

சைக்கிள் டைனமோவுக்கும் ஒல்ரனேற்றருக்கும் உள்ள முக்கிய வேறுபாடு காந்தத்தில் இருக்கிறது. டைனமோவில் இருப்பது நிலையான காந்தம், அதன் பலத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஒல்ரனேற்றரின் நடுவே சுழலும் றோட்டரில் இருப்பதோ மின்காந்தம். பற்றரியிலிருந்து ஒரு சிறு மின்னோட்டத்தை அதன் சுருளுக்குக் கொடுத்தால்தான் அது காந்தமாகும். சுழன்றுகொண்டிருக்கும் ஒன்றுக்கு வயர் பூட்ட முடியாதல்லவா? அதற்காக அச்சில் இரண்டு செப்பு வளையங்கள் இருக்கின்றன; அவற்றின் மேல் இரண்டு காபன் பிறஷ்கள் ஸ்பிறிங்கின் அழுத்தத்தால் உரசிக்கொண்டே இருந்து மின்னோட்டத்தை உள்ளே கடத்துகின்றன. அந்த மின்னோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது றெகுலேற்றர். எஞ்சின் வேகமாக ஓடும்போது காந்தத்தைப் பலவீனமாக்கியும், மெதுவாக ஓடும்போது பலமாக்கியும், வெளிவரும் வோல்ற்று 14ஐ ஒட்டியே நிற்கும்படி அது பார்த்துக்கொள்கிறது. பெடல் சுற்றும் சிறுவன் களைத்தாலும் துள்ளினாலும் விளக்கு ஒரே சீராக எரியும்படி செய்யும் கையென்று அதைச் சொல்லலாம்.

றோட்டரைச் சூழ அசையாமல் இருக்கும் கம்பிச் சுருள்கள் மூன்று தொகுதிகளாகச் சுற்றப்பட்டிருக்கும். அவற்றில் பிறப்பது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். பற்றரிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் என்பதால், ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும் இருவாயிகள், குறைந்தது ஆறு, பின்பக்கத்தில் ஒரு தட்டில் பொருத்தப்பட்டிருக்கும். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்களில் இருந்தது இந்த அமைப்பு அல்ல. நேரோட்ட டைனமோவே இருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது என்பதை மண்ணெண்ணெயில் அந்தக் கார்களை ஓட்டிய தலைமுறை நன்றாக அறியும். இருவாயிகள் மலிவாகிய பிறகே, 1960களில் தொடங்கி, ஒல்ரனேற்றர் அதன் இடத்தைப் பிடித்தது.

இந்த உறுப்புகளில் தேய்வன இரண்டு: பிறஷ்களும், சுழலும் அச்சைத் தாங்கும் பெயாரிங்குகளும். சூட்டாலும் வயதாலும் கெடுவன இரண்டு: றெகுலேற்றரும் இருவாயிகளும். நம் பகுதியில் முதலாவது வகை முந்திக்கொள்கிறது என்பது நான் கண்டது. ஒல்ரனேற்றர் தன்னைக் குளிர்விக்கத் தன் விசிறியால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது; சோளகக் காலத்தில் கிறவல் வீதியில் முன்னால் ஓர் உழவு இயந்திரம் போனால் அந்தக் காற்றோடு வருவது செம்புழுதி. அதன் பின் மாரியில் சேறும், அதன் பின் எஞ்சினைக் கழுவுகிறோமென்று உயர் அழுத்தத் தண்ணீரும். கார் கழுவும் இடத்தில் ஒல்ரனேற்றரின் மேல் நேராக அடிக்க வேண்டாமென்று சொல்லுங்கள், அல்லது ஒரு பொலித்தீன் பையால் மூடிவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டியவை

இலக்கம் காட்டும் ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். அதன் விலை ஒரு பற்றரியின் விலையில் மிகச் சிறு பங்கு என்பதால், கார் வைத்திருக்கும் எவரும் அதை வாங்கிவைக்கலாம். குமிழை நேரோட்ட வோல்ற்றுப் பகுதியில் 20 என்ற அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பற்றரியின் நேர் முனையிலும் கறுப்பு முனையை மறை முனையிலும் வைக்க வேண்டும்.

இரவு முழுவதும் நிறுத்தி வைத்த காரில், காலையில் திறப்பைப் போடுவதற்கு முன், 12.6 வோல்ற்று அளவில் காட்டினால் பற்றரி நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே என்றால் அநேகமாக வெறுமை. இப்போது எஞ்சினை ஸ்ராட் செய்து, சற்று நேரம் ஓட விட்டு, மீண்டும் அதே இடத்தில் அளந்தால் 13.8க்கும் 14.5க்கும் இடையில் ஒரு பெறுமானம் வர வேண்டும். பிறகு ஹெட்லைற், காற்றாடி, பின்கண்ணாடிச் சூடாக்கி ஆகியவற்றைப் போட்டு, எஞ்சினைச் சற்று வேகப்படுத்திப் பார்த்தால், 13.5ஐ ஒட்டியாவது அது நிற்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதும் நிற்கும்போதும் இலக்கம் ஒன்றாகவே இருந்து, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டு போனால் வரத்து இல்லை என்று பொருள். 15ஐத் தாண்டினால் அது எதிர்ப்பக்கத்து நோய்; றெகுலேற்றர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, பற்றரி கொதித்து அழுகிய முட்டை போன்ற மணம் வீசும், பல்ப்புகள் அடிக்கடி எரிந்துபோகும். புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக எஞ்சின் கணினியே சார்ஜைக் குறைத்து வைப்பதுண்டு, அவற்றில் 12.8 என்று கண்டவுடன் முடிவுக்கு வந்துவிடாமல், விளக்குகளைப் போட்டதும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வரத்து இல்லை என்று தெரிந்தாலும் ஒல்ரனேற்றர்தான் குற்றவாளி என்று அப்போதும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பெல்ற் தளர்ந்தோ வெடித்தோ இருக்கிறதா, எண்ணெய் பட்டு வழுக்குகிறதா என்று பாருங்கள். பற்றரி முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கும் உப்பைச் சுடுநீரால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பின் மீண்டும் அளந்து பாருங்கள். பாதி நோய்கள் அங்கேயே தீர்ந்துவிடும். பியூஸ் பெட்டியில் பெரிய அம்பியர் அளவுள்ள சார்ஜ் பியூஸ் எரிந்திருக்கலாம். ஒல்ரனேற்றரின் பின்னால் பூட்டும் சொக்கற் கழன்றிருக்கலாம், அணில் வயரைக் கடித்திருக்கலாம். திறப்பை ஒன் நிலையில் வைத்து எஞ்சினை ஸ்ராட் செய்யாமல் இருக்கும்போது டாஷ்போட்டில் அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையென்றால் பல்ப்போ அந்த வயரோ பழுது. பழைய மொடல்கள் சிலவற்றில் றோட்டரின் காந்தத்தை முதலில் தூண்டும் மின்னோட்டம் அந்தப் பல்ப்பின் வழியாகவே போகிறது என்பதால், சிறு பல்ப் ஒன்று எரிந்துபோனதற்காக முழு ஒல்ரனேற்றரையும் மாற்றியவர்களும் உண்டு.

இன்னும் இரண்டு சோதனைகள் பயனுள்ளவை. எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, ஒல்ரனேற்றரின் பின்னால் தடித்த வயர் பூட்டிய முனையில் சிவப்பையும் பற்றரியின் நேர் முனையில் கறுப்பையும் வைத்தால் 0.2 அல்லது 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. கூடுதலாகக் காட்டினால் மின்சாரம் நடு வழியில் வயரிலும் பூட்டுகளிலும் விரயமாகிறது. இப்படி அளக்கும்போது கையும் வயரும் பெல்ற்றுக்கும் விசிறிக்கும் அருகே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து, குமிழை ஆடலோட்டப் பகுதிக்குத் திருப்பி, பற்றரியின் இரு முனைகளிலும் அளந்தால் அரை வோல்ற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். அதைவிடக் கூடினால் இருவாயி ஒன்று பழுதாகி ஆடலோட்டம் கசிகிறது. அப்படிப் பழுதான இருவாயி, நிறுத்தி வைத்த காரின் பற்றரியை இரவோடிரவாக வடித்துவிடவும் கூடும்; காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்க ஒல்ரனேற்றர் மட்டும் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு வழக்கத்தை மட்டும் கடுமையாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, எஞ்சின் நிற்காவிட்டால் ஒல்ரனேற்றர் நல்லது என்று சொல்லும் முறை இன்றும் பல இடங்களில் நடக்கிறது. டைனமோ பூட்டிய பழைய கார்களின் காலத்துப் பழக்கம் அது. பற்றரி என்பது சேமிப்பு மட்டுமன்று, வோல்ற்றின் துள்ளலை விழுங்கும் தாங்கியும்தான். அதைத் திடீரென்று அகற்றினால் ஒரு கணத்தில் வோல்ற்று பல மடங்கு எகிறி, நன்றாக இருந்த இருவாயிகளையும் றெகுலேற்றரையும் எஞ்சின் கணினியையும் எரித்துவிடக்கூடும். யாராவது உங்கள் காரில் இதைச் செய்யக் கையை நீட்டினால் மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

எதை வாங்குவது

எல்லா வாகனத்திலும் கைவைக்கலாம் என்று எண்ண வேண்டாம். டொயோட்டா பிறியஸ், அக்குவா போன்ற ஹைபிறிட் கார்களில் ஒல்ரனேற்றரே கிடையாது. செம்மஞ்சள் நிற வயர்களில் உயிர் போக்கும் அழுத்தத்தில் மின்சாரம் ஓடுகிறது, அவற்றை உரிய பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். மைல்ட் ஹைபிறிட் வகை சுசுகி வகன் ஆர் கார்களிலும் ஒல்ரனேற்றர் இருக்கும் இடத்தில் ஸ்ராட்டர் வேலையையும் சேர்த்துச் செய்யும் வேறொரு கருவியே இருக்கிறது. பழைய ரவுண்ஏஸ், லைற்ஏஸ் டீசல் வான்கள் பலவற்றில் பிறேக்குக்கான வெற்றிடப் பம்பி ஒல்ரனேற்றரின் பின்னாலேயே பொருத்தப்பட்டு, எஞ்சின் எண்ணெய்க் குழாய்களும் அதனுடன் இணைந்திருக்கும். அவற்றைச் சரியாகப் பூட்டாவிட்டால் எண்ணெய் கொட்டும், பிறேக் மரம்போல இறுகும். முதல் முயற்சிக்கு ஏற்றது ஒரு சாதாரண பெற்றோல் கார்.

பழையதன் உடலில் ஒட்டியிருக்கும் இலக்கத்தைத் துடைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வோல்ற்று, அம்பியர், பெல்ற் ஓடும் கப்பியில் உள்ள தவாளிப்புகளின் (பள்ளக் கோடுகளின்) எண்ணிக்கை, சொக்கற்றின் வடிவம், போல்ற் போகும் காதுகளின் இடைவெளி ஆகிய ஐந்தும் பொருந்த வேண்டும். லொறிகளுக்கும் பஸ்களுக்கும் உரிய 24 வோல்ற்று ஒல்ரனேற்றர் வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தாலும் அதைக் காரில் பூட்டக்கூடாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 வரை நம்மிடம் இருந்த பழைய கார்களையே பழுது பார்த்துப் பார்த்து ஓட்டினோம் என்பதால், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஒல்ரனேற்றர்களைக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் விசாரித்துப் பார்க்கலாம். என் அனுபவத்தில், அறியாத பெயரில் வரும் மிக மலிவான புதியதைவிட நல்ல நிலையிலுள்ள பாவித்த ஒன்று மேல். வாங்கும்போது கப்பியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்ற ஓசையோ ஆட்டமோ இருக்கக்கூடாது, பிறஷ் உரசும் மெல்லிய ஓசை மட்டும் கேட்கலாம்.

கழற்றுதலும் பூட்டுதலும்

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, ஹான்ட்பிறேக் போட்டு, திறப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். பற்றரியின் நேர் முனைக்கும் உடலுக்கும் இடையே ஒரு தங்க மோதிரம் அகப்பட்டால் அது ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். சாரத்தோடு இந்த வேலைக்கு இறங்க வேண்டாம் என்று சொல்வதைச் சிலர் வேடிக்கையாக எடுத்துக்கொள்வார்கள், ஆனால் கடைசியில் எஞ்சினை ஓட விட்டுப் பார்க்கும்போது தொங்கும் துணி பெல்ற்றில் சிக்குவது வேடிக்கையான விடயமன்று. பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும் என்பதால் பீடி, சிகரெற் அருகில் வேண்டாம்.

முதலில் கழற்ற வேண்டியது பற்றரியின் மறை முனை, அதாவது கறுப்பு வயர். காரின் இரும்பு உடல் முழுவதும் மறை முனையோடு இணைந்திருப்பதால், நேர் முனையை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் உடலில் பட்டால் பெரும் தீப்பொறி பறக்கும். மறை முனையை முதலில் கழற்றிவிட்டால் அந்த ஆபத்து இல்லை. கழற்றிய வயரைத் துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள். ஒல்ரனேற்றரின் தடித்த வயர் பற்றரியோடு நேராக இணைந்திருக்கிறது, திறப்பை எடுத்துவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும் என்பதனால்தான் இந்தப் படியைத் தவிர்க்கவே முடியாது.

பெல்ற் எந்தக் கப்பியின் மேலாக, எதன் கீழாக ஓடுகிறது என்பதைத் தொலைபேசியில் இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டொயோட்டா, நிசான் கார்கள் பலவற்றில் ஒல்ரனேற்றர் ஒரு நீண்ட போல்ற்றில் ஊஞ்சல் போலத் தொங்கும். மறுபக்கத்தில் ஒரு பூட்டுப் போல்ற்றும், இழுவையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகும் இருக்கும். பெரும்பாலும் 12, 14 மில்லிமீற்றர் ஸ்பானர்கள் போதும். நீண்ட போல்ற்றையும் பூட்டுப் போல்ற்றையும் இளக்கி, திருகைப் பின்னோக்கிச் சுற்றினால் பெல்ற் தளரும், கையால் எடுத்துவிடலாம். சில கார்களில் இதற்குப் பதிலாக ஸ்பிறிங் இழுவையோடு ஒரு தனிக் கப்பி இருக்கும். அதை ஸ்பானரால் ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு பெல்ற்றை உருவ வேண்டும், அதற்கு இன்னொருவரின் கை உதவியாக இருக்கும்.

பின்பக்கத்துச் சொக்கற்றை அதன் கொளுக்கியை அழுத்தியபடி இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பல வருட வெப்பத்தில் அந்தப் பிளாஸ்ரிக் அப்பளம்போல நொறுங்கும் நிலையில் இருக்கும். றப்பர் மூடியை விலக்கித் தடித்த வயரின் நட்டைக் கழற்றுங்கள். இனி நீண்ட போல்ற்றை முழுதாக உருவ வேண்டும். ஒல்ரனேற்றர் ஐந்து கிலோவை ஒட்டிய பாரம் உள்ளது என்பதால் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். போல்ற் வந்த பிறகும் அது அசையாமல் ஒட்டிக்கொண்டு நிற்பது வழமை. காதின் ஒரு துளையில் இருக்கும் இரும்பு உறை, எஞ்சினில் உள்ள பிடியை இறுக்கமாகக் கவ்வியிருப்பதே காரணம். துருவை இளக்கும் எண்ணெயை விட்டு, பொறுத்திருந்து, ஒரு மரத்துண்டைக் கொடுத்து மெதுவாக நெம்பினால் வந்துவிடும். எனக்கு அன்று இந்த ஓர் இடத்தில் மட்டும் முக்கால் மணித்தியாலம் போயிற்று.

பழையதையும் புதியதையும் ஒரு சாக்கின் மேல் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். புதியதில் அந்த இரும்பு உறையைச் சுத்தியலால் மென்மையாகத் தட்டி ஓரிரு மில்லிமீற்றர் பின்னே தள்ளிவிட்டால், பிடிக்குள் வெண்ணெய்போல நழுவிப் பொருந்தும். இந்த ஒரு தட்டலைச் செய்யாமல் பாதி நாளைப் போராட்டத்தில் கழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தடித்த வயரின் வளையத்தை மினுங்கும்வரை உரசித் துடைத்த பின் பூட்டுங்கள். அந்த நட்டை உறுதியாக இறுக்க வேண்டும், ஆனால் முழுப் பலத்தையும் காட்டினால் உள்ளிருக்கும் முனை முறிந்துவிடும். தளர்வாக விட்டாலோ சூடேறி வயர் கருகும். சிறிய றச்சற் ஒன்றால் மணிக்கட்டின் பலம் மட்டும் கொடுத்து இறுக்குவது சரியான அளவு.

பெல்ற் வெடிப்பு விட்டிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், பிறகு இதே வேலையை மறுபடி செய்ய வேண்டாம். ஒவ்வொரு தவாளிப்பிலும் அது சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, திருகால் இழுவை கொடுத்து, இரு கப்பிகளுக்கு இடைப்பட்ட நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் போதும். தளர்ந்தால் மாரியில் தண்ணீர் தெறித்ததும் கீச்சிடும், சார்ஜும் குறையும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பெயாரிங் சில மாதங்களில் ஓலமிடும். இழுவை சரியான பின் பூட்டுப் போல்ற்றையும் நீண்ட போல்ற்றையும் இறுக்கி, கடைசியாகப் பற்றரியின் மறை முனையைப் பூட்டுங்கள்.

ஸ்ராட் செய்வதற்கு முன் இன்னுமொரு காரியம் இருக்கிறது. பற்றரி முழுதாக வடிந்திருந்தால் அதை வெளியே ஒரு சார்ஜரில் போட்டு நிரப்பிய பின் பூட்டுவதே நல்லது. வெறும் பற்றரியை ஜம்ப் வயரால் உசுப்பிவிட்டுப் புதிய ஒல்ரனேற்றரை முதல் நாளே அதை நிரப்பும்படி விட்டால், மணிக்கணக்காக முழுச் சுமையில் ஓடி அது சூடேறிப்போகும். பற்றரியில் ஏற்கெனவே இருக்கும் சார்ஜைத் தக்கவைப்பதற்கே அது படைக்கப்பட்டது. ஸ்ராட் செய்ததும் சிவப்பு விளக்கு அணைய வேண்டும், மல்ரிமீற்றரில் 14ஐ ஒட்டிய இலக்கம் தோன்ற வேண்டும், எல்லா விளக்குகளையும் போட்ட பின்னும் அது பெரிதாக இறங்கக்கூடாது. ரேடியோவும் கடிகாரமும் தங்கள் நினைவை இழந்திருக்கும், எஞ்சின் சிறிது நேரம் சீரற்று ஓடலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம். புதிய பெல்ற் முதல் நூறு கிலோமீற்றரில் சற்று நீளும். அதன் பிறகு ஒருமுறை இழுவையைச் சரிபார்த்தால் போதும்.

கழற்றிய பழையதை இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். என்னுடையதன் பின்மூடியைத் திறந்து பிறஷைப் பிடித்திருக்கும் பகுதியைக் கழற்றியபோது, டொயோட்டாவின் இவ்வகை ஒல்ரனேற்றர்களில் புதிதாக இருக்கும்போது 10.5 மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டியதும், 1.5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டியதுமான காபன் துண்டுகளில் ஒன்று, அரிசி மணியின் தடிப்புக்குத் தேய்ந்து, வளையத்தை எட்டாமல் உள்ளே ஒளிந்திருந்தது. கம்பிச் சுருளிலும் இருவாயியிலும் எந்தப் பழுதும் இல்லை. புதிய பிறஷ்கள் இரண்டை வாங்கிப் பற்றவைத்து, வளையங்களை நுண்ணிய உரசுதாளால் துடைத்து, பழைய துணியில் சுற்றி, காரின் பின்பெட்டியில் ஜக்கின் அருகே வைத்திருக்கிறேன்.